பார்லித் தண்ணீரில் ஆறிய புண்

என் வலது கண்ணுக்குப் பார்வை திரும்பிவிட்டது. முழுதாக இல்லை, வெயிலில் கூசுகிறது, செய்தித்தாளின் சின்ன எழுத்துகள் ஓரத்தில் நெளிகின்றன. ஆனால் எழுத முடிகிறது. மருத்துவமனையில் படுத்திருந்தபோது, பார்வை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், கிள்ளான் பக்கம் பண்டமாரானுக்குப் போய் ஒருத்தியை நடுத்தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்பேன் என்று சொல்லியிருப்பேன். அந்த நினைப்புதான் என்னைச் சாப்பிட வைத்தது. பழிவாங்கக் காத்திருப்பவனுக்கு நன்றாகப் பசிக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வந்த நோய் சிபிலிஸ். பழைய தமிழில் மேகநோய் என்பார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். ஒரு விவாகரத்து வழக்கில் இந்தச் சொல்லை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தயங்காமல் கொண்டுவந்தவன். எழுபதை நெருங்கும் வயதில் அதே சொல்லை என் பெயருக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டி வந்தபோது நாக்கு எழவில்லை.

மனைவி காலமான பிறகு பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்ககத்தில் தனியாக இருக்கிறேன். மகன் கதிரும் மருமகள் பிரேமாவும் செமினியில். மங்கை எனக்குப் பழக்கமானது கிள்ளானில் ஒரு கோயில் அன்னதானத்தில். அவள் கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. வெள்ளிக்கிழமைதோறும் கோயில் சமையல்கட்டில் அவள்தான் பெரிய கை. சனிக்கிழமைகளில் நான் ரயில் ஏறிப் பண்டமாரானில் அவள் வீட்டுக்குப் போவேன். இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். யாரும் பேசிக்கொள்ள மாட்டோம். எங்களுக்குள் கணவன் மனைவி போன்ற உறவு இருந்தது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

நோய் தொடங்கியது கீழுதட்டின் உட்புறத்தில் ஒரு புண்ணாக. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். விளிம்பு தடித்திருந்தது, துளி வலி இல்லை. நம் ஊரில் வாய்ப்புண்ணுக்கு ஒரே காரணம்தான் உண்டு: சூடு. டுரியான் பழம் தின்றால் சூடு, ராத்திரி கண்விழித்தால் சூடு, கோபப்பட்டால்கூடச் சூடு. வைத்தியமும் ஒன்றுதான்: பார்லி. அந்த மாதங்களில் எங்கள் இருவருக்குமே வாயில் புண் வந்தது. மங்கை பார்லியில் கற்கண்டும் வாசனைக்குப் பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சினாள். குடித்தோம். ஆறிவிட்டது. சூடு இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

பிறகு ஒருநாள் குளிக்கும்போது உள்ளங்கைகளில் செம்புள்ளிகளைப் பார்த்தேன். உள்ளங்காலிலும் இருந்தன. அரிப்பு இல்லை. புதுச் சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். லேசான காய்ச்சல், கழுத்தில் கட்டி, சீப்பில் கொத்தாக முடி. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்தேன். வலது கண் சிவந்து, சுவர்க் கடிகாரத்தின் முள் மறைந்த பிறகுதான் கதிரைக் கூப்பிட்டேன்.

அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் காத்திருப்போர் வரிசை நடைபாதை வரை நீண்டிருந்தது. முக்கால்வாசிப் பேர் என் வயதுக்காரர்கள், கண்புரைக்கு வந்தவர்கள். நானும் புரைக்கு வந்தவன்போல் உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குள் ஒளியடித்துப் பார்த்த மலாய் டாக்டர் என் கைகளைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு கதிரை வெளியே இருக்கச் சொன்னார். சமீபத்தில் பெண்களோடு உறவு உண்டா என்று மலாயில் கேட்டார். ஒருவர், எனக்குத் துணை போன்றவர் என்றேன். வேறு யாரும்? தாக் அடா, இல்லை என்றேன்.

பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இதில் மோசமான பகுதி.

ரத்தப் பரிசோதனை இரண்டு விதமாகச் செய்தார்கள். முதலாவது சந்தேகத்தைக் காட்டுவது, இரண்டாவது உறுதி செய்வது. இரண்டும் ஒன்றையே சொல்லின. கூடவே எச்.ஐ.வி-க்கும் பார்த்தார்கள், அது இல்லை. அன்றே வார்டில் சேர்த்தார்கள். தொற்று நோய்ப் பிரிவு டாக்டர் நளினி தமிழ்ப் பெண், என் மகன் வயது. கிருமி கண்ணுக்குள் போய் அழற்சி உண்டாக்கியிருக்கிறது, அது நரம்பு மண்டலத்துக்குள்ளும் போயிருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றார். முழங்காலை வயிற்றோடு மடக்கி இறால்போல் சுருண்டு படுத்தேன். ஊசியைவிட அதற்குப் பின் வந்த தலைவலி கொடியது.

மருந்து பெனிசிலின்தான். சாதாரணமாக இந்தக் கட்டத்தில் இடுப்பில் ஊசியாகப் போட்டு அனுப்பிவிடுவார்களாம். கண்ணுக்குப் போனதால் எனக்கு நரம்பு வழியாக, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு வாரம். முதல் மருந்து ஏறிய அன்று மாலை உடம்பு தூக்கிப் போட்டது, பல் கிட்டியது. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு அப்படிக் கொதிக்கும், ஒரு நாளில் அடங்கிவிடும் என்று நளினி முன்பே சொல்லியிருந்தார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே நான் ஒரு பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மங்கை. அவளைத் தவிர எனக்கு யாரோடும் உறவு இல்லை. அப்படியானால் இது அவளிடமிருந்துதான் வந்தது. அவளுக்கு வேறு ஒருவன் இருக்கிறான். துறைமுகத்தில் எத்தனை கப்பல், எத்தனை லோரி, எத்தனை ஆட்கள். படுத்தபடியே அவளுக்கு ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்து, அதற்குச் சாட்சிகளையும் நானே தயாரித்தேன். தொடர்பில் இருந்தவர் யார், அவருக்கும் பரிசோதனை தேவை என்று நளினி கேட்டபோது, அவள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போலீசில் புகார் கொடுப்பவன்போல் சொன்னேன். யார் சொன்னது என்பதை அவரிடம் சொல்ல மாட்டோம் என்றார் டாக்டர். சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் பிரேமாதான் எனக்குக் கை. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றதும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தாள். ஆரஞ்சை உரித்து நார் நீக்கிக் கையில் வைப்பாள். ஆனால் என் குவளையைத் தனியாக, ஒரு பிளாஸ்டிக் பையில் வைப்பதைக் கவனித்தேன். நளினியும் கவனித்தார். இது தட்டு, குவளை, கழிப்பறை வழியாகவெல்லாம் வராது, சமைத்துப் போட்டாலும் வராது, புண்ணை நேராகத் தொடும் நெருக்கத்தில்தான் வரும் என்று என் எதிரிலேயே அவளிடம் சொன்னார். பிரேமா பையிலிருந்து குவளையை எடுத்து, அதில் காப்பி ஊற்றி, தானும் இரண்டு வாய் குடித்துவிட்டு என்னிடம் தந்தாள். நோயின் பெயர் தெரிந்த பிறகு கதிர் என்னை அப்பா என்று கூப்பிடுவதைக்கூட நிறுத்தியிருந்த வாரம் அது.

இது நடந்தது காலையில். அதே நாள் பிற்பகல், கோயில் செயலாளருக்குப் போன் செய்தேன்.

"மங்கைக்கு ஒட்டற நோய் ஒன்னு இருக்கு. நான் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். அவங்கள சமையல்கட்டுல வச்சிக்காதீங்க. என் பேரு வெளிய வரக் கூடாது."

"நல்ல வேளை சொன்னீங்க சார்," என்றார் அவர்.

சாப்பாட்டில் பரவாது என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்தான் என் காதால் கேட்டிருந்தேன். தெரிந்தேதான் சொன்னேன். போனை வைத்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்ப் பெரியவர், நான் பாக்சிக் என்று அழைப்பவர், என்ன நோய் என்று விசாரித்தார். கண் என்றேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து நளினி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திரையை மூடினார்.

"அங்கிள், கேள்விய நாங்க சரியா கேக்கலயோன்னு நெனைக்கிறேன். உறவுன்னு கேட்டோம். வாயால யாரோடயாவது?"

சாட்சிக் கூண்டில் பல பேர் இந்த இடத்தில் மௌனமாவதைப் பார்த்திருக்கிறேன். கேட்ட சொல்லுக்குத்தான் சாட்சி பதில் சொல்வார்; சொல் தவறினால் உண்மையான பதிலே பொய்யாகிவிடும். அதில் பிழைப்பு நடத்தியவன் நான். என் அகராதியில் உறவு என்றால் ஒன்றுதான். மற்றது கணக்கில் வராது. கணக்கில் வராது என்று எனக்குச் சொன்னவன் குணா, என்னோடு நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு மசாஜ் கடைக்கு என்னை அழைத்துப் போனவனும் அவன்தான். படிக்கட்டில் நான் தயங்கியபோது சொன்னான்: "வாயாலதானே லா. அதுல ஒன்னும் ஒட்டாது. மங்கைக்குத் துரோகமும் கெடையாது." இரண்டையும் நம்பினேன். நம்ப எனக்கு வசதியாக இருந்தது. அங்கே அந்தப் பெண்ணை நான் வாயால் தீண்டினேன், அவளும் என்னை.

நளினியிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அன்று அவர் விளக்கியதை என்னைப் போன்ற கிழவர்களுக்காகவும், கிழவர்களாகப் போகிறவர்களுக்காகவும் இங்கே சொல்கிறேன்.

உறுப்பில் வாய் வைப்பவருக்கும் வரலாம், வாய் வைக்கப்படுபவருக்கும் வரலாம். சிபிலிஸ் அப்படிச் சுலபமாகவே வரும். புண் வாய்க்குள் இருந்தால் முத்தத்திலும் வரலாம். முதல் புண் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, கிருமி நுழைந்த இடத்திலேயே தோன்றும். வலிக்காது. மருந்து இல்லாமலே ஆறும். ஆறுவது புண் மட்டும். கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பார்லி குடித்தவனுக்குப் பார்லி கெட்டிக்கார வைத்தியர் ஆகிவிடும். கொனோரியா தொண்டையில் குடியேறினால் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. கிளமிடியாவும் வரலாம். உதட்டுக் கொப்புளமாக வரும் ஹெர்பீஸ் வாயிலிருந்து உறுப்புக்குப் போகும், திரும்பியும் வரும். எச்.பி.வி என்ற வைரஸ் பல வருடம் கழித்துத் தொண்டையில் புற்றுநோயாகலாம். எச்.ஐ.வி இந்த வழியில் வருவது அரிது. வரவே வராது என்று சொல்ல முடியாது.

ஆபத்தைக் குறைக்கும் வழி உண்டா என்று கேட்டேன். கேட்க வேண்டிய நேரம் அந்தப் படிக்கட்டு என்பது எனக்கும் தெரியும். ஆணுறுப்பு என்றால் ஆணுறை, தொடக்கத்திலிருந்தே என்றார். பெண்ணுறுப்புக்கும் ஆசனவாய்க்கும் மெல்லிய ரப்பர்த் தாள் இருக்கிறது. கிடைக்காவிட்டால் புது ஆணுறையின் இரு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் கீறி விரித்தால் அதுவே தாள். வாயிலோ உறுப்பிலோ புண், கொப்புளம், ரத்தம் கசியும் ஈறு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். அதற்குச் சற்று முன் பல் தேய்க்கவும் கூடாது, ஈறு கீறிக்கொள்ளும். பிறகு வாய் கொப்பளிப்பது பாதுகாப்பு ஆகாது. விந்தை வாயில் விடாமல் இருப்பது ஓரளவு உதவும். ஹெப்பாடைட்டிஸ் பி-க்கும் எச்.பி.வி-க்கும் தடுப்பூசி உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், பரிசோதனைக்குப் போனால் வாய் என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தொண்டையில் பஞ்சு வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். சொல்லாதவர்களின் தொண்டையை யாரும் பார்ப்பதில்லை.

கடைசியில் அவர் கேட்டார்: உங்கள் இருவரில் யாருக்கு முதலில் புண் வந்தது? அவளுக்கு என்றேன். அப்படித்தான் நினைவில் இருந்தது. அத்தனை நாள் கோபத்தில் என் நினைவு தன் சாட்சியத்தை மாற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் குணா ஆப்பிள் பையோடு வந்தான். கண் எப்படி இருக்கிறது என்றான். எனக்கு என்ன நோய், எந்தப் படிக்கட்டில் ஏறி வந்தது என்பதைப் பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கும் குரலில் சொன்னேன். நீயும் ரத்தம் கொடுத்துப் பார், தொண்டையையும் காட்டு, வீட்டில் உன் மனைவியிடம் நீயே சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்றேன். அவன் முகத்தில் நிறம் இறங்கியதைப் பாதிக் கண்ணால் பார்த்தேன். அதில் எனக்குக் கிடைத்த சுகத்தை மறைக்கப் போவதில்லை. ஆப்பிளைக் கட்டிலில் வைத்துவிட்டு, உட்காராமலே போனான். பரிசோதனைக்குப் போனதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

மங்கை வந்தது அதற்கடுத்த நாள், பார்வையாளர் நேரத்தில். கட்டில் காலருகே நின்றாள்.

"கண்ணு தெரியுதா?"

"கொஞ்சம்."

"அப்ப என்னைப் பாருங்க."

சுகாதாரக் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். ரத்தம் எடுத்தார்கள். இருக்கிறது என்றார்கள். இரண்டு இடுப்பிலும் ஊசி. உட்கார முடியவில்லை, ரயிலில் நின்றுகொண்டே வந்தாளாம். யார் பெயர் கொடுத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. "சொல்லணுமா? எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா?" என்றாள். பிறகு கோயிலில் நடந்ததைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் பெண் வந்து, அக்கா நீங்கள் எழுந்திருங்கள் என்றாளாம். அவள் எழுந்ததும் அரிவாள்மணையைப் பினாயில் ஊற்றிக் கழுவினார்கள். நறுக்கிய கத்திரிக்காயைக் குப்பையில் கொட்டினார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

முந்தின நாள் குணாவிடம் படிக்கட்டைக் குற்றம் சொன்ன நான், அவளிடம் அப்போதும் விடவில்லை. உன்னால்தான் நான் இங்கே கிடக்கிறேன், உனக்குத்தான் முதலில் புண் வந்தது என்றேன்.

மங்கை குரலை உயர்த்தவில்லை. "என் வீட்டுல பார்லி எப்ப வாங்கினேன்? ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி என் வீட்டுல பார்லியே கெடையாது. உங்க வாய்க்குன்னுதான் கடைக்குப் போயி பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். எனக்குப் புண்ணு வந்தப்ப, அந்தப் பாக்கெட்டுல மிச்சம் இருந்தத காய்ச்சினேன்."

நினைவு வந்தது. கத்தரிக்கோல் கிடைக்காமல் அவள் பல்லால் அந்தப் பாக்கெட்டைக் கடித்துத் திறந்தது. பாண்டான் இலையை முடிச்சுப் போட்டது. உதட்டைப் பிதுக்கி நான் புண்ணைக் காட்ட, அவள் விளக்கைத் திருப்பிப் பார்த்தது. அதன் பிறகும் நான் அவளை முத்தமிட்டேன்.

"எங்க போனீங்க?" என்றாள்.

சொன்னேன். வாயால் மட்டும்தான் என்றும் சொன்னேன். இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த வாயோடதானே எங்கிட்ட வந்தீங்க?"

பக்கத்துக் கட்டிலில் பாக்சிக் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. தேவைப்படவும் இல்லை.

போகும்முன் தன் தீர்ப்பைச் சொன்னாள். "ஊருல இருக்கறவங்க வாய்க்கெல்லாம் நீங்க பேசினீங்க. இப்ப உங்க வாய்க்கு நீங்களே பேசுங்க. கோயில்ல வந்து சொல்லுங்க. அப்பறம் எழுதுங்க, படிக்கறவங்க படிக்கட்டும். சூடு கீடுன்னு சொல்லக் கூடாது." மன்னிப்பாயா என்று கேட்டேன். அது வேறு வழக்கு என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மருந்து முடிந்து வீட்டுக்கு வந்தேன். ஓய்வூதியக்காரன் என்பதால் மருத்துவமனைக் கட்டணம் ஒன்றும் பெரிதில்லை. கதிர் கட்டினான், என்னைப் பார்க்காமல். வந்த முதல் வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பந்தி தொடங்கும்முன் பேச வேண்டும் என்றேன். செயலாளர் விஷயத்தை ஊகித்துவிட்டார். விடுங்கள் சார், ஜனங்கள் தானாக மறந்துவிடுவார்கள் என்றார். அவள் மறக்கமாட்டாள் என்றேன்.

சொன்னேன். நோயின் பெயர், அது என்னிடம் வந்த விதம், அவளுக்குக் கொடுத்தவன் நான், போன் செய்தவனும் நான், சாப்பாட்டில் பரவாது என்று தெரிந்தே செய்தேன் என்பது எல்லாம். எளிய சொற்களாகத் தேர்ந்தெடுத்தேன். மொழிபெயர்ப்பில் பழகிய கை. பெண்கள் இருக்கிறார்கள் சார் என்று ஒருவர் குரல் கொடுத்தார். சிலர் செருப்பைத் தேடினார்கள். பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். மங்கை எதற்கும் முகம் கொடுக்காமல் உள்ளே போய், அரிவாள்மணையைக் குழாயடியில் கழுவிவிட்டு, உட்கார்ந்து நறுக்கத் தொடங்கினாள். இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கூடையை அவள் பக்கம் நகர்த்தினாள். கொஞ்ச நாள் வராமல் இருங்கள் என்று செயலாளர் என்னிடம் சொன்னார். சரி என்றேன். அவள் இருக்கும் இடத்தில் நான் இல்லாமல் இருப்பது, அவள் கேட்காத தண்டனை.

இப்போது சனிக்கிழமைகளில் ரயில் இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும். கிருமியின் தடம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். அவள் என் கிளினிக்குக்கு வருவதில்லை.

இதை எழுதி முடித்ததும் பிரேமா மூலம் அவளுக்கு அனுப்பினேன். உன் பெயரை மாற்றிவிடவா என்று கேட்டிருந்தேன். பதிலைப் பிரேமா அப்படியே வந்து ஒப்பித்தாள்: "கோயிலுக்குப் போன் பண்ணப்ப மாத்திச் சொன்னீங்களா?" பெயர் அப்படியே இருக்கிறது.

ஒரு வரியை மட்டும் அவள் பேனாவால் அடித்திருந்தாள். என்னிடமிருந்து மங்கைக்கு நோய் பரவியது என்று எழுதியிருந்தேன். பரவியது என்றால், காற்றுபோல் அது தானாக நடந்தது. செய்தவன் யாரும் இல்லை. எத்தனையோ குற்றவாளிகள் என் வழியாக நீதிபதியிடம் அப்படித்தான் பேசினார்கள், நானும் அப்படியே மொழிபெயர்த்தேன். அவள் திருத்திய வரி இது:

மங்கைக்கு இந்த நோயை நான் பரப்பினேன்.